மெட்டு எல்லோரும் அறிந்ததே

மூன்றரை மணிக்கு மழையின் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை.

மெரிட் லூமிஸ் அதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மறுநாள் பழைய பாட்டுப் புத்தகம் சேர்ப்பவர்களின் மன்றத்தில் ஆற்றவிருந்த நாற்பது நிமிட உரையை அவர் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். தன் குரல் ஓடும்போது வேறெதையும் காதில் போட்டுக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. ஒரு பத்தியின் முடிவில் தன்னைத் தானே மெச்சிக்கொள்ள நிறுத்தியபோதுதான் வெளியே பார்த்தார். நவம்பர் மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டுதான் இருந்தது. கூரையிலிருந்து இறங்கும் தகரக் குழாயின் வாயில் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது, மேப்பிள் மரத்தில் மிச்சமிருந்த நாலு இலைகளும் அடிவாங்கி ஆடிக்கொண்டிருந்தன. ஆனால் எதற்கும் சத்தம் இல்லை. அரை நிமிடம் இருக்கும். பிறகு மொத்த மழையும் ஒரேயடியாகக் காதுக்குள் திரும்பி வந்து கொட்டியது.

"காது," என்று சொல்லிக்கொண்டார் லூமிஸ். முப்பத்தொரு வருடம் பல்லைத் துளைக்கும் கருவியின் பக்கத்தில் நின்ற காது. அதற்கும் ஓய்வு வயது வந்துவிட்டது.

ஓஹையோவின் அந்தச் சிற்றூரில் அவர் பல் டாக்டராக இருந்தவர். பதில் சொல்ல முடியாதவர்களிடம் பேசியே வாழ்க்கையைக் கழித்தவர். வாயில் பஞ்சை அடைத்து, கன்னத்தில் கொக்கியை மாட்டி, அதன் பிறகு நாட்டு நடப்பு, இசை, ஒழுக்கம் என்று எல்லாவற்றையும் பற்றி அவர் சொல்லுவார். நோயாளிகள் முனகுவதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொள்வார். பஞ்சு இல்லாமலேயே இருபத்தாறு வருடம் கேட்ட மனைவி கொரின், அவர் ஓய்வு பெற்ற வாரமே அரிசோனாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவள்தான். போன இடத்தில் நல்ல அமைதி என்று ஒரு அட்டை வந்தது.

அவள் போன பின் வீட்டில் மிச்சமிருந்தவை ஆயிரத்து நூற்று நாற்பது பாட்டுப் புத்தகங்கள். எல்லாம் போன நூற்றாண்டினுடையவை, சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னஞ்சிறு புத்தகங்கள். படகுக்காரன் பாட்டு, தேர்தல் பாட்டு, குடிகாரன் பாட்டு, குடியை விட்டவன் பாட்டு. இவற்றில் ஒன்றையாவது லூமிஸ் பாடியதுண்டா என்று கேட்டால், தபால்தலை சேர்ப்பவன் கடிதமா எழுதிக்கொண்டிருக்கிறான் என்று திருப்பிக் கேட்பார்.

நாளைய உரை, சேகரிப்பின் மகுடமான 'மஸ்கிங்கம் சட்டைப்பைப் பாட்டுகள்' பற்றியது. சின்சினாட்டியில் அச்சானது, மஞ்சள் காகித அட்டை, உள்ளங்கை அளவு. உலகத்தில் இருப்பதாகத் தெரிந்த நாலு பிரதிகளிலும் கடைசித் தாள்கள் கிடையாது. லூமிஸுக்குக் கிடைத்த ஐந்தாவதில் எல்லாமே இருந்தன. ப்ளெவின்ஸ் என்ற பன்றிப் பண்ணைக் குடும்பத்தின் வீட்டுச் சாமான் ஏலத்தில், பழப் பலகாரம் சுடும் தகரத் தட்டுகளுக்கு அடியில் கிடந்தது. நாளை இந்தப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து நாற்பது நிமிடம் பேசினால் மன்றத் தலைவர் பதவி நிச்சயம். மன்றத்தில் இருபத்து மூன்று உறுப்பினர்கள். அவர்களில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரும் வாக்களிப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஒரே குறை, அழுக்கு. 'மேசை கலையும் நேரம்' என்ற கடைசிப் பாட்டில் பன்னிரண்டு சரணங்கள். பதினொன்றின் ஓரத்தில் ஆளுக்கொரு கையெழுத்தில் பென்சிலால் ஒரு பெயர், பெயரின் மேல் ஒரு கோடு. பன்னிரண்டாவதன் ஓரத்தில் பெயர் இல்லை, ஜாம் பட்ட கட்டைவிரல் ரேகை மட்டும். லூமிஸ் இரண்டு நாள் உட்கார்ந்து ரப்பர்த் தூளை வைத்து, சொத்தையைச் சுரண்டுகிற அதே பொறுமையோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். பிறகு மன்றத்தின் ஒன்பதாம் விதிப்படி, சுத்தம் செய்த ஒவ்வோர் இடத்திலும் தன் பெயரைப் பென்சிலால் பொடியாக எழுதினார். கைவைத்தவன் கைவைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவரும் அவரே. பன்னிரண்டு இடம், பன்னிரண்டு 'மெ. லூமிஸ்'.

போன் அடித்தது. மன்றச் செயலாளர் டெக்ஸ்டர் வாஸ். பேசிக்கொள்ளும் நாலு பேரில் ஒருவர் அல்ல.

"என்னய்யா லூமிஸ், நாளைக்கு எங்கள எத்தன மணிக்கு எழுப்பி விடுவே?"

"வாஸ், பொறாமைக்கு மருந்து இருந்தா நானே உனக்கு எழுதிக் குடுத்திருப்பேன்."

"நீ எழுதிக் குடுத்தா வாய் கொப்பளிக்கத்தான்யா ஆகும். அது கெடக்கட்டும், பேரையெல்லாம் அழிச்சுட்டியாமே? பாட்டுப் புத்தகத்துல பாடினவன் பேரு இருந்தா உனக்கு எங்க வலிக்குது?"

"அழுக்கு அழுக்குதான். நீ உன் புத்தகத்துல காப்பிக் கறைய வச்சுக்கிட்டு சரித்திரம்னு சொல்லிக்கிட்டு இரு."

"உன் புத்தகத்தத் தொடச்ச மாதிரி உன்னையும் ஒருத்தன் தொடச்சா—"

குரல் அறுந்தது. ரிசீவரில் இரைச்சல்கூட இல்லை, கிணற்றுக்குள் காதை வைத்ததுபோல இருந்தது. அந்த ஆழத்தில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருப்பதாக லூமிஸுக்குத் தோன்றியது. அரை நிமிடம். பிறகு வாஸ், எதுவும் நடக்காத மாதிரி, "—அதான் சொல்றேன், பார்த்துப் பேசு," என்று முடித்து, போனை வைத்துவிட்டார்.

நாலு மணிக்கு வாசல் மணி. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவள் ஓட்டி வந்த பள்ளிக்கூட பஸ் தெருவோரம் உறுமிக்கொண்டு நின்றது.

"டாக்டர், நான் ஆர்லீன் ப்ளெவின்ஸ். ஆறாங்கிளாஸ்ல என் பல்ல புடுங்கினீங்க."

"அப்படியா. நல்லது."

"வலிச்சது பக்கத்துப் பல்லு."

"புடுங்கின பல்லும் கெட்டுப்போறதாத்தான் இருந்திருக்கும்."

"வலிச்சது இன்னும் இருக்கு டாக்டர். அதுக்கு வரல. என் அண்ணன் வெர்லின் இருக்கானே, கேக்காம கொள்ளாம எங்க பாட்டுப் புத்தகத்த ஏலத்துல தள்ளிட்டான். திருப்பிக் கேக்கல. வியாழக்கெழம நன்றி நாள் விருந்து. சாப்பிட்டு முடிச்சதும் அது மேசைல இருக்கணும். ஒரு சாயங்காலம் குடுங்க, வெள்ளிக்கெழம காலைல பஸ்ஸ நிறுத்திக் குடுத்துட்டுப் போறேன்."

"அம்மா, அது இப்ப விருந்து மேசைல வைக்கிற பொருள் இல்ல."

"எங்க வீட்ல நூத்து முப்பது வருஷமா அங்கதான் இருந்தது." அவள் கோட்டிலிருந்து தண்ணீர் விரிப்பில் சொட்டியது. "ஆளுக்கொரு சரணம் டாக்டர். பேரு யாருதோ அவங்கதான் அதப் பாடணும். செத்துட்டா பேரக் கோடு போட்டு அடிப்போம். அந்தச் சரணம் வரும்போது யாரும் பாடமாட்டோம். அது ஓடுற நேரம் வரைக்கும் தலையக் குனிஞ்சு சும்மா இருப்போம். இப்ப பதினொண்ணும் அப்படித்தான். கடைசி ஒண்ணு மட்டும் எல்லாரும் சேர்ந்து பாடறது. அதுக்குப் பேரு கெடையாது."

"அப்ப ஒரு சரணம் பாடறதுக்கு அஞ்சரை நிமிஷம் சும்மா உக்காந்திருக்கீங்க," என்றார் லூமிஸ். இதை உரையில் ஒரு நகைச்சுவையாகச் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டே, அவளுக்குப் பெரிய உபகாரம் செய்கிற தோரணையில் வெள்ளைத் துணிக் கையுறையை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திறந்து காட்டினார். "பாருங்க. அச்சடிச்ச அன்னைக்கு எப்படி இருந்ததோ அப்படி."

அவள் பார்த்தாள். கன்னத்தில் இருந்த மழைத்துளியைத் துடைக்கப் போன கை பாதியில் நின்றது.

"இது யாரு பேரு?"

"என்னுது. விதி."

"பன்னெண்டுலயுமா?"

"பன்னெண்டுலயும்."

அப்போது சமையலறையில் ஃப்ரிட்ஜின் ரீங்காரம் நின்றது. தெருவில் பஸ்ஸின் உறுமலும் நின்றது, ஆனால் அதன் புகை போய்க்கொண்டுதான் இருந்தது. ஆர்லீன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள், பழக்கப்பட்டவள் குனிவதுபோல. அரை நிமிடம் கழித்து எல்லாம் திரும்பியது. அவள் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"இது எத்தனாவது?"

"என்ன எத்தனாவது?"

"இந்த மாதிரி நிக்குறது. இன்னைக்கு எத்தன தடவ ஆச்சு?"

"எனக்குக் காதுல கோளாறு. அத உங்ககிட்ட பேச வேண்டிய அவசியம் இல்ல."

"டாக்டர், இங்க பாருங்க. பேரு இருந்தா பாடணும். பாடலேன்னா செத்தவங்க. எங்க வீட்ல மூணாவது வழி கெடையாது. அந்தப் பதினோரு பேருக்கும் வருஷத்துல அந்த அரை நிமிஷம்தான் இருந்தது. அதத் தொடச்சு எடுத்து உங்க பேர வச்சுட்டீங்க. இப்ப அவங்க எங்க போவாங்க?" அவள் குரல் தாழ்ந்தது. "நான் மெட்டு சொல்லித் தர்றேன். அஞ்சே நிமிஷம். இப்பவே, இங்கயே பாடிருங்க."

பாட்டின் தலைப்புக்குக் கீழே 'மெட்டு எல்லோரும் அறிந்ததே' என்று அச்சாகியிருந்தது. அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் சுரக்குறிப்பு கிடையாது, மெட்டு ஊருக்கே தெரியும் என்பது நம்பிக்கை. அந்த ஒரு வரியைப் பற்றி லூமிஸ் பத்தொன்பது பக்கக் கட்டுரை எழுதியிருந்தார். அந்த மெட்டு இன்று யாருக்கும் தெரியாது என்பது கட்டுரையின் முடிவு.

"அந்த மெட்டு அழிஞ்சு போச்சு அம்மா. நான் நிரூபிச்சிருக்கேன்."

"நான் போன வருஷம் பாடினேனே."

"நீங்க பாடினது வேற ஏதாவதா இருக்கும்."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பஸ்ஸில் ரகளை செய்கிறவனைப் பார்க்கும் பார்வை இல்லை அது. ஏறாமலே நிற்கிறவனைப் பார்க்கிற பார்வை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து போன் நம்பரை எழுதி அலமாரி மேல் வைத்தாள். "மனசு மாறினா கூப்பிடுங்க. சீக்கிரம் கூப்பிடுங்க." போகும்போது கதவை அவள் முதுகைக் காட்டாமல், வீட்டுக்குள் பார்த்துக்கொண்டே இழுத்துச் சாத்தினாள்.

லூமிஸ் சிரித்தார். சிரிப்பு கூடத்தில் தேவைக்கு மேல் ஒலித்தது. உரைக்குத் திரும்பலாம் என்று மேசைக்கு வந்தார். புத்தகத்தை மூடுவதற்கு முன் ஒரு தரம் பார்த்தார்.

முதல் சரணத்தின் ஓரத்தில் இருந்த அவர் பெயரின் மேல் ஒரு கோடு இருந்தது.

இரண்டாவதன் மேலும். மூன்றாவதன் மேலும், நாலாவதன் மேலும். ஐந்தாவதிலிருந்து பெயர்கள் சுத்தமாக இருந்தன. காலையிலிருந்தே தான் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒன்று போயிருக்க வேண்டும் என்று அவர் மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டது. மற்ற மூலைகள் அந்தப் பெண்தான் கிறுக்கிவிட்டாள் என்று கூச்சலிட்டன. ஆனால் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. கோடுகள் பென்சிலும் இல்லை. விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது, தாளின் பின்பக்கத்திலிருந்து ஒரு நகம் அழுத்தி இழுத்ததுபோலப் புடைத்திருந்தன. ரப்பரை எடுத்துத் தன் பெயரைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறத் தூள் மேசையில் குவிந்தது, ஈரமான பென்சில் வாசனையும் பழைய வீட்டு அடித்தள வாசனையும் கலந்து எழுந்தன, தூளின் குவியல் அவர் தேய்த்த அளவுக்குப் பொருத்தமே இல்லாமல் பெருத்தது. பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

எழுந்தார். எழுந்தபோது நாற்காலி சத்தமிடவில்லை.

கூடத்தில் நடந்தார். மரத்தரை, நாற்பது வருடமாக அவர் காலடியில் முனகிய தரை, இப்போது முனகவில்லை. மழை கேட்டது. ஃப்ரிட்ஜ் கேட்டது. அவர் எழுப்பும் சத்தம் மட்டும் கேட்கவில்லை. சுவரைத் தட்டினார். கை வலித்தது. சத்தம் இல்லை. அரை நிமிடம் ஆனது. திரும்பி வந்து பார்த்தார். ஐந்தாவதில் கோடு.

இந்த முறை காலடி திரும்பவில்லை.

மணி நாலே முக்கால். ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாக வடிந்துகொண்டிருந்தது. பாடிவிடுவோம் என்று நினைத்தார். யாருக்கும் தெரியப்போவதில்லை. தொண்டையைச் செருமினார். ஆறாவது சரணத்தின் வார்த்தைகளை ஏதோ ஒரு தேவாலயப் பாட்டின் மெட்டில் இழுத்தார். அது மெட்டு இல்லை என்பது முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை. சாப்பாட்டு அறையின் இருட்டில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். தப்பாகப் பாடுகிறவனைக் கேட்டால் வருகிற சத்தம்.

கண்ணெதிரே கோடு விழுந்தது. இடமிருந்து வலமாக. நிதானமாக.

ஏழாவது. அவர் பாடப் பாட. எட்டாவது.

ஒன்பதாவது சரணத்தில் குரல் மெலிந்தது. பத்தாவதிலும் பதினொன்றிலும் காற்று மட்டும் வந்தது. நாக்கில் ஏதோ நரநரத்தது. விரலை விட்டு எடுத்தார். சாம்பல் தூள். ரப்பர்த் தூள். துப்பினார். மறுபடி ஊறியது.

நாளை நாற்பது நிமிடம். மன்றம். தலைவர் பதவி. எதுவும் வேண்டாம். குரல் மட்டும் போதும். யாரையாவது அழைக்க, யாருக்காவது ஹலோ சொல்ல.

அலமாரி மேல் காகிதம். நம்பரைச் சுழற்றினார். நாலு மணியடிப்புக்குப் பிறகு எடுத்தாள்.

"ஹலோ? ஆர்லீன் பேசறேன்."

மெட்டைச் சொல்லு. மெட்டைச் சொல்லிக் கொடு. உதடு அசைந்தது. தூள் கொட்டியது.

"ஹலோ? யாரு?" சிறிது நேரம் கேட்டாள். "டாக்டரா?"

ரிசீவரின் மேல் நகத்தால் தட்டினார். சத்தம் இல்லை.

"டாக்டர், கேக்குது. நல்லா கேக்குது." அவள் குரலில் ஆச்சரியம். "அதே மெட்டுதான். சரியா பாடறீங்களே. யாரு சொல்லிக் குடுத்தா?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இருங்க." அவள் மூச்சு நின்றது. "இருங்க டாக்டர். ஏன் பதினோரு பேரா பாடறீங்க?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

அப்போதுதான் அவருக்கும் கேட்டது. சாப்பாட்டு அறையிலிருந்து. கனத்த, பயிற்சி பெற்ற, வார்த்தைக்கு வார்த்தை தன்னைத் தானே ரசிக்கிற குரல். அவர் குரல். ஒரு சரணம் ஒரு மூலையிலிருந்து, அடுத்த சரணம் அடுத்த மூலையிலிருந்து. மெட்டு மிக எளிமையானது. ஒரு தரம் கேட்டால் குழந்தைகூடப் பாடிவிடும்.

கதவருகே போனார். போகாமல் இருக்க முடியவில்லை.

மேசையைச் சுற்றி நின்றார்கள். பண்ணை உடுப்பில் சிலர், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்பு அங்கியில் சிலர். முகங்கள் தேய்க்கப்பட்டிருந்தன. காகிதத்தை அளவுக்கு மேல் ரப்பரால் தேய்த்தால் எழும் நார்போல, கண் இருந்த இடத்திலும் மூக்கு இருந்த இடத்திலும் சாம்பல் நார் எழும்பி நின்றது. வாய்கள் மட்டும் முழுசாக இருந்தன. ஈரமாக, சிவப்பாக. புகையிலைக் கறை படிந்த கடைவாய்ப் பற்கள், தேய்ந்த வெட்டுப் பற்கள், நாக்கு. ஒவ்வொரு வாயாகத் திறந்தது. ஒவ்வொரு வாயிலிருந்தும் மெரிட் லூமிஸ் பாடினார்.

எட்டாவது ஆள். ஒன்பதாவது. பத்தாவது.

பதினோராவது சரணத்தைப் பாடியவள் ஒரு பெண், குட்டையானவள், முன்பல் ஒன்று இல்லாதவள். கடைசிச் சொல்லை நீட்டி, அழகாக இறக்கி, வாயை மூடினாள்.

பன்னிரண்டாவது. எல்லோரும் சேர்ந்து பாட வேண்டியது, ஆனால் அதன் ஓரத்திலும் இப்போது அவர் பெயர்தான் இருந்தது.

யாரும் பாடவில்லை.

பதினோரு முகங்களும் கதவை நோக்கித் திரும்பின. நார் படிந்த அந்த முகங்கள் அவரை ஒரு கணம் பார்த்தன, அல்லது பார்ப்பதுபோல நின்றன. பிறகு, விருந்துக்குப் பின் பழகிய ஒழுங்கோடு, ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தன.

மழை சத்தமில்லாமல் பெய்தது. அரை நிமிடம் ஆனது. ஒரு நிமிடம் ஆனது. ஜன்னல் முழுசாக இருட்டியது.

தலைகள் நிமிரவில்லை.